ஒன்பதாம் நாள் உப்பு

சங்கிலி அண்ணாச்சி அந்தக் கேள்வியைக் கேட்டபோது புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

அடிகள் சமையல்கட்டின் வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். அப்போதே அவருடைய கணுக்கால்கள் கொஞ்சம் வீங்கித்தான் இருந்தன. நான் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"மனசு கெட்டு உடம்பு கெடுதா, உடம்பு கெட்டு மனசு கெடுதா?"

"யாருக்கு?"

"பொதுவாத்தான் கேக்கேன்."

அடிகள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பொதுவான ஆளுக்கு ரெண்டும் கெடாது," என்றார். "சாப்பாடு ஆகட்டும்."

சாப்பாடு ஆயிற்று. அடிகள் வழக்கம்போல் இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். வழக்கம்போல் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். பதில் சொல்லவில்லை. சங்கிலி அண்ணாச்சியும் மறுபடி கேட்கவில்லை.

எங்கள் மடம் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது. ஏழு பேர் இருந்தோம். அடிகளுக்கு நாற்பத்தெட்டு வயது. சங்கிலி அண்ணாச்சிக்கு ஐம்பத்தாறு. தன்னைவிட எட்டு வயது மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தனக்கு வராது என்று முதல் நாளே அடிகள் சொல்லிவிட்டார். அதனால் சீடர் குருவுக்கு அண்ணாச்சியானார். எங்கள் எல்லோருக்கும் அப்படியே ஆகிவிட்டார்.

மடத்தில் சேருவதற்கு முன்பு அவர் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல்காரர். மகளைக் கட்டிக் கொடுத்த மறுவருடம் மனைவியிடம் சொல்லிவிட்டு இங்கே வந்தார். அந்த அம்மாள் பெயர் வடிவு. வருடத்துக்கு ஒருமுறை மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார். தூக்குவாளியில் புளிச்சோறு இருக்கும். மண்டபத்தில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போவார். புருஷனிடம் நாலு வார்த்தை பேசுவாரா என்பதுகூட எனக்கு ஞாபகமில்லை.

மடத்தில் இரண்டு விதிகள் உண்டு. முதல் குருவின் காலத்தில் ஏற்பட்டவை. சமைத்தது முதலில் அவருடைய சமாதிக்குப் படையலாகப் போகும். அதனால் சமைப்பவர் உப்புப் பார்க்க மாட்டார், வாயில் வைக்க மாட்டார். கை அளவுதான் கணக்கு. இரண்டாவது, இலையில் விழுந்ததைப் பற்றி யாரும் பேசக் கூடாது. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது, நன்றாக இல்லை என்றும் சொல்லக் கூடாது. நாக்குக்கு அடிமையாகாமல் இருக்க அந்த விதி என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

அண்ணாச்சியின் கை அளவு தப்பியதே இல்லை, பத்து வருடங்களாக.

பிறகு ஒருநாள் காலை மடத்துப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். அண்ணாச்சியின் மகள் இசக்கி.

"விடியக்காலம் அம்மா போயிட்டா," என்றாள். "சாயங்காலம்தான் எடுக்கோம். அப்பா வந்தா வரட்டும்."

நான் சமையல்கட்டுக்குப் போய்ச் சொன்னேன். அண்ணாச்சி அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"எப்ப?"

"விடியக்காலம்."

அவர் உலைமூடியைத் திறந்து பார்த்தார்.

"சோறு வடிக்கணும்," என்றார்.

அவ்வளவுதான். இரண்டு மணி நேரப் பயணம். பஸ் இருந்தது. அவர் போகவில்லை. துறவிக்குத் தீட்டு இல்லை, அழுகை இல்லை. அன்றைக்கும் படையல் உரிய நேரத்துக்கு வந்தது. மாலையில் எல்லோரும் கூடியிருந்தபோது அடிகள் சொன்னார்: "இன்னைக்கு நம்ம கூட இருக்கிற ஒருத்தர் கரை ஏறிட்டார்."

நாங்கள் எல்லோரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தோம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகுதான் குழம்பில் உப்புக் கூடியது.

ஒரே நாளில் கூடவில்லை. இன்றைக்கு ஒரு சிட்டிகை, நாளைக்கு இன்னொரு சிட்டிகை. நாங்களும் அதற்கு ஏற்றபடி மாறிக்கொண்டோம். எங்களில் ஒருவனான வேலாயுதம் எதை எடுத்தாலும் மோர் ஊற்றிக்கொண்டான். ஒருவர் குழம்பை இலை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு வெறும் சோறு தின்னப் பழகினார். பரிமாறுபவன் நான் என்பதால் எனக்கு வசதி. என் இலைக்கு மட்டும் காய்களைப் பிழிந்து போட்டுக்கொள்வேன். கடைக்குப் போய் உப்பு வாங்கி வருபவனும் நான்தான். மாதம் இரண்டு பாக்கெட் என்பது ஐந்தாயிற்று. அண்ணாச்சி ஊறுகாய் போடுகிறார் என்று எண்ணிக்கொண்டேன். மடத்தில் ஊறுகாய் ஜாடியே கிடையாது.

விதியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தேன். உண்மையில் அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. சோம்பலாக இருக்கலாம். பயமாக இருக்கலாம். கரை ஏறிய மனிதரிடம் உப்பைப் பற்றிப் பேசுவது எப்படி?

அண்ணாச்சி மெலிந்தார். வேட்டி இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியது. பிடரி வலிக்கிறது என்று துண்டைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டார். விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து சமையல்கட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். தவம் முற்றுகிறது என்றான் வேலாயுதம்.

புளி கரைத்துக்கொண்டே அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது, வடிவம்மாள் இறந்து ஒரு வருடம் கழிந்த சமயத்தில்.

அடுத்த மாதத்திலிருந்து ஜெபமலர் வர ஆரம்பித்தாள். வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பது அவள் வேலை. வெயிலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, பையை மண்டபத்துத் தரையில் வைத்து, "சாமியாருங்களுக்கும் ரத்தம்தான ஓடுது, கையை நீட்டுங்க," என்பாள்.

அடிகளின் கையில் பட்டையைச் சுற்றியவள் மூன்று தடவை காற்றடித்துப் பார்த்தாள். முகம் மாறியது. குனிந்து அவர் கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"நூத்தி எண்பது இருக்கு. தலை சுத்தலையா?"

"சுத்தும்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

அடிகள் சிரித்தார்.

"உப்பு எப்படி? ரொம்பப் போடுவீங்களோ?"

அண்ணாச்சி முன்னால் வந்தார். "உப்பா? நம்ம சமையல்ல உப்பே கம்மிம்மா. சாப்பிட உக்காந்தா எனக்கே சப்புன்னுதான் இருக்கும்."

நாங்கள் ஐந்து பேரும் தரையைப் பார்த்தோம். அடிகள் தன் காலைப் பார்த்தார். அந்தக் குழி மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது.

ஜெபமலர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த மாதம் வந்தாள். இறங்கவில்லை. அதற்கடுத்த மாதம் வந்தாள். ஏறியிருந்தது.

"மாத்திரை போடுதீங்களா, இல்ல புறாவுக்குப் போடுதீங்களா?"

"ஒருநாளும் விடலம்மா," என்றார் அடிகள்.

நான்காவது மாதம் வந்தபோதும் அப்படியே. அவள் அன்றைக்குக் களைத்திருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். மடத்துக்கு வந்தவரைப் பசியோடு அனுப்புவதில்லை. அவளுக்கும் ஒரு இலை போட்டோம். விதியைச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் சிலுவை போட்டுக்கொண்டு முதல் கவளத்தை வாயில் வைத்தாள். கண் பிதுங்கியது. இலை ஓரத்தில் துப்பினாள்.

"ஏசுவே! என்னண்ணே குழம்பு இது? உப்பளத்துலருந்து நேரா வந்துச்சா?"



அண்ணாச்சி கையில் கரண்டியோடு நின்றார். "என்னம்மா சொல்லுத?"

"நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களா?"

அண்ணாச்சி அவள் இலையிலிருந்தே கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார். மென்றார். எங்களை ஒருமுறை பார்த்தார்.

"சரியாத்தான இருக்கு? இன்னும் ஒரு கல்லு விழுந்தாக்கூடத் தாங்கும்."

ஜெபமலர் எழுந்து சமையல்கட்டுக்குள் போனாள். உப்பு மரவையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கை உப்பை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நக்குங்க."

அவர் நக்கினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முகம் சுளிக்கவில்லை. இரண்டாவது முறையும் நக்கினார்.

"மணலு மாதிரி இருக்கு," என்றார்.

கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வேலாயுதத்தின் மோர்ச்சோறு. ஓரத்தில் ஒதுக்கிய குழம்பு. பிழிந்த காய் கிடந்த என் இலை.

"ஏகாம்பரம், நீ சொல்லக் கூடாதா?"

"இலையில் விழுந்ததைப் பத்தி..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

அவர் கடைசியாக அடிகளின் இலையைப் பார்த்தார். அது துடைத்து வைத்தது போல் இருந்தது.

ஜெபமலர் அவரை உட்கார வைத்தாள். காய்ச்சல் வந்ததா, தலையில் அடிபட்டதா, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார்.

"சரியாத் தூங்குவீங்களா?"

"தூக்கமா?" என்றார், அந்தச் சொல்லை மறந்துபோனவர் மாதிரி.

"என்னமோ நடந்திருக்கு. எப்பலேர்ந்து இப்படி?"

"ஒண்ணும் நடக்கலம்மா."

"அவங்க வீட்டம்மா தவறிட்டாங்க," என்றார் அடிகள். "ஒன்றரை வருஷமாகுது."

"அழுதீங்களாண்ணே?"

"நாங்க அழறதில்லம்மா."

ஜெபமலர் அடிகளையும் அண்ணாச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் தெனம் நாப்பது வீடு ஏறி இறங்குதேன். புருஷன் செத்த வீட்டுல ஆறு மாசத்துல பொண்டாட்டிக்குச் சர்க்கரை ஏறிக் கெடக்கு. கால் முடியாமக் கெடக்கிற வீட்டுல பேச்சே நின்னுபோச்சு. எது எதுக்கு முன்னாலன்னு என் நோட்டுல எழுத இடம் இல்ல. ஆனா இப்படி ஒரு வீட்டை நான் பாத்ததில்ல. ஒருத்தருக்கு மனசுல நோவு, இன்னொருத்தருக்குக் காலு வீங்குது." பையை மாட்டிக்கொண்டாள். "ரெண்டு பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. நாக்குக்கும் டாக்டர் இருக்காங்க, மனசுக்கும் டாக்டர் இருக்காங்க. சாமி, நீங்க இனி உப்பைத் தொடக் கூடாது. தொட்டீங்கன்னா அடுத்த மாசம் நான் யார் கையில பட்டையைச் சுத்தறதுன்னு தெரியாது."

அவள் போன பிறகு யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அண்ணாச்சி துணிப்பையில் இரண்டு வேட்டியை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அடிகள் கிணற்றடியிலிருந்து வந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"தெரியல சாமி. உங்களை நான் கொன்னுக்கிட்டு இருந்திருக்கேன். இனிமே இந்தக் கையால உலை வைக்க மாட்டேன்."

"ஊட்டினது நீங்க. முழுங்கினது நான்தான?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"உங்க வீட்டம்மா போன ஒன்பதாம் நாள்லேர்ந்து."

அண்ணாச்சி கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். அவர் குரல் மாறிவிட்டது. அடிகளிடம் அப்படி ஒரு குரலில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

"தெரிஞ்சும் பேசாம இருந்தீங்களா? ஏன் சொல்லல? விதின்னா?"

அடிகள் ஈரத்துண்டைப் பிழிந்தார். பிழிந்த துண்டையே மறுபடி பிழிந்தார்.

"விதி இல்ல," என்றார். "உங்களுக்கு நாக்குப் போச்சுன்னு நான் சொன்னா, கரை ஏறிட்டார்னு அன்னைக்கு நான் சொன்னது பொய்யாயிரும். ஊர் முழுக்க அதைச் சொல்லிட்டிருந்தாங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு. அதுக்கு உப்புத் தின்னேன்."

அண்ணாச்சி அப்படியே நின்றார். கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நிற்பது போல இருந்தது.

"நீங்க எங்க போகணும்னு எனக்குத் தெரியும்," என்றார் அடிகள். "நானும் வாரேன். ஏகாம்பரம், என் செருப்பு இந்தக் காலுக்குப் பத்தாது. உன்னோடதைக் கொடு."

என் செருப்பும் அவருக்குப் பத்தவில்லை. வெறுங்காலோடு வந்தார். நானும் கூடப் போனேன்.

இசக்கியின் வீடு பஸ் நிறுத்தத்திலிருந்து கொஞ்ச தூரம். முன்னறையில் தையல் மிஷின். அவள் மிஷினிலிருந்து எழுந்து, "வாங்க சாமி," என்றாள். என்னையும் வாங்க என்றாள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டாள்.

அடிகள், "அப்பாவுக்கு ஒரு நாற்காலி," என்றார்.

"இது யார் வீடுன்னு தெரிஞ்சா அவரே உக்காரட்டும்."

அண்ணாச்சி வெட்டுத்துணிகளைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சுவரில் வடிவம்மாளின் படம் மாலையோடு இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு மிஷினின் மிதிகட்டையைப் பார்த்தார்.

"எப்படிப் போனா?" என்றார்.

"இப்பக் கேக்கீங்க."

"ஆமா. இப்பத்தான் கேக்கேன்."

இசக்கி கையிலிருந்த சட்டைத்துணியை மடித்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள்.

"நீங்க மடத்துக்குப் போன அன்னைக்குப் பிடிச்சது தலைவலி. பத்து வருஷம். தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு நெத்தி கறுத்துப் போச்சு. ஸ்கேன் எடுத்தோம். ஒண்ணும் இல்லைன்னாங்க. ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு இப்படி வலிக்குதுன்னு அம்மா டாக்டர்கிட்டயே கேட்டா. அவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். பொறவு பிரஷர் வந்துச்சு. பொறவு மூச்சு வாங்குச்சு. பொறவு ஒருநாள் விடியக்காலம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா." துணியைக் கீழே வைத்தாள். "வருஷத்துக்கு ஒருக்க மடத்துக்கு வருவோம்ல, அன்னைக்கு மட்டும் தலை வலிக்காது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சொல்லுவா, 'இசக்கி, விட்டிருச்சுடி'ன்னு. திரும்பி வந்து வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது மறுபடி பிடிச்சிரும்."

அண்ணாச்சி மிதிகட்டையில் சிக்கியிருந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் வெச்சிருந்தோம். பெரிய ஆளுங்க சத்தம் போட்டாங்க. சாமியாருக்குத் தீட்டு இல்லைன்னு தெரியாம நான் பஸ்ஸைப் பாத்துக்கிட்டு நின்னேன்."

"அம்மா," என்றார் அடிகள். "அன்னைக்கு உங்க அப்பாவை நான் அனுப்பியிருக்கணும். அனுப்பல. போகாம இருந்ததுக்கு நாலு பேர் முன்னால பெருமையாப் பேசினேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கண் அவர் கால்களில் நின்றது. பஸ்ஸில் தொங்கவிட்டிருந்ததில் அவை இன்னும் வீங்கியிருந்தன.

"உங்களுக்குக் காலு ஏன் இப்படி இருக்கு?"

"உங்க அப்பா சமையல்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "என்ன சாமி சொல்லுதீங்க? அவர் குழம்புல உப்பே இருக்காதுன்னுதான அம்மா சொல்லுவா. கல்யாணமான புதுசுல உப்பு டப்பாவை மடியில வெச்சுக்கிட்டுத்தான் சாப்பிட உக்காருவாளாம்."

அண்ணாச்சியின் வாய் கோணியது. அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது.

அவள் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்தாள். அண்ணாச்சிக்கும் ஒரு தட்டு வைத்தாள். அடிகளுடைய கஞ்சியில் உப்புப் போடவில்லை. நான் கையை நனைத்தேன்.

"துவையல்ல காரம் கொஞ்சம் கூடிப்போச்சும்மா," என்றார் அடிகள்.

என் கை நின்றுவிட்டது. இத்தனை வருடங்களில் அவர் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அவசரத்துல அரைச்சேன் சாமி," என்றாள் அவள். பிறகு அப்பாவின் பக்கம் பார்க்காமலே, "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றாள்.

அண்ணாச்சி கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தார்.

"எனக்கு ருசி தெரியல இசக்கி," என்றார். "உங்க அம்மா போனதிலேர்ந்து ஒண்ணுமே தெரியல. வெளியில சொல்லல. எனக்கே தெரியாமக் கெடந்துச்சு."

அவள் அவர் தட்டைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. கையில் ஒரு சிறிய தைலக் குப்பி. அடியில் விரல்கடை அளவு மிச்சம் இருந்தது.

"அம்மாவோடது. தூரப் போடத் தோணல. நீங்க வெச்சுக்கோங்க."

அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கினார்.

கிளம்பும்போது அவள் வாசல் வரைக்கும் வந்தாள். "சாமி, அடுத்த தடவை வெறுங்காலோட வராதீங்க," என்றாள். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் தெருமுனை திரும்பும் வரை தையல் மிஷின் சத்தம் கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அடிகள் பெஞ்சில் உட்கார்ந்தார். அண்ணாச்சி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தார். நான் பையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"நாளைக்கு ரெண்டு பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்," என்றார் அடிகள்.

"சரி சாமி."

"மடத்துக்குப் போனதும் மத்தவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கரை ஏறினார்னு சொன்னேன்ல, அது தப்புன்னு."

"அதை எதுக்குச் சாமி இப்ப."

"எனக்குப் பிரஷர் இறங்கணும்ல?"

அண்ணாச்சி குப்பியைத் திறந்து முகர்ந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"சாமி, அன்னைக்கு ஒண்ணு கேட்டேன்."

"ஞாபகம் இருக்கு."

"நீங்க பதில் சொல்லல."

"அன்னைக்கு நீங்க பொதுவாக் கேட்டீங்க."

"இப்ப எனக்காகக் கேக்கேன். வடிவுக்காகக் கேக்கேன். மனசு கெட்டு உடம்பு கெட்டுச்சா, உடம்பு கெட்டு மனசு கெட்டுச்சா? எங்க ஆரம்பிச்சுச்சு? எங்கன்னு தெரிஞ்சா அங்க போய் உக்காந்துக்குவேன்."

அடிகள் வலது காலை அவர் பக்கம் நீட்டினார்.

"கால் வலிக்குது அண்ணாச்சி. கொஞ்சம் தேய்ச்சு விடுங்க."

அண்ணாச்சி குப்பியைக் கவிழ்த்து உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டார். தைலத்தின் வாசனை எனக்கும் வந்தது. அவர் அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார். முதலில் பாதம், பிறகு கணுக்கால். உலைமூடியைத் துடைப்பது போல நிதானமாகத் தேய்த்தார். கணுக்காலுக்கு மேலே ஓரிடத்தில் அவர் பெருவிரல் அழுந்தியது. அங்கேயே நின்றது. அவர் தோள்கள் குலுங்கின. சத்தம் இல்லை.

தூரத்தில் பஸ் வந்தது. நான் கை காட்டவில்லை. அது நிற்காமல் போயிற்று. புழுதி அடங்க நேரமானது.

"சாமி," என்றார் அண்ணாச்சி, குனிந்தபடியே. "அழுத்தின இடம் குழியாவே நிக்குது. மேல வர மாட்டேங்குது."

"கையை எடுங்க அண்ணாச்சி," என்றார் அடிகள். "எடுத்தாத்தான் மேல வரும்."